சோளகத்தைச் சோளமாக்காத ஒரு டைப்செட்டிங் கடை, திருமலை

திருமலையில (திருகோணமலைய நாங்க அப்பிடித்தான் சொல்லுறது) சிவன் கோயிலுக்குக் கிட்ட, டவுனுக்குள்ள ஒரு சின்னக் கடை இருக்கு. வெளியில போட்டோக்கொப்பி, லமினேட்டிங், தமிழ் சிங்களம் இங்கிலிஷ் டைப்செட்டிங் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கும். கடையிட பேர நான் இதில போடேல்ல, அக்காவே வேண்டாமெண்டு சொல்லிட்டா, ஒராள்தான் நிண்டு செய்யிறா, இப்ப வாற வேலையே கைகொள்ளாம கிடக்கு எண்டா. ஆனா அங்க நடந்தத எழுதாம விட எனக்கு மனம் வரேல்ல, ஏனெண்டா நாலு மாசமா என்ர போன் கெடுத்து வச்சிருந்த ஒரு வேலைய அந்த அக்கா ரெண்டு கிழமையில நிமித்தித் தந்தவ.

வேலை இதுதான். அப்பாக்கு 74 வயசு, வாழ்க்கை முழுக்க கரைவலைத் தொழில், இப்ப முழங்கால் ஏலாது, வீட்டில இருக்கிறார். அண்ணான்ட பிள்ளைகள் டொரண்டோவில, தமிழ் வாசிப்பினம், ஆனா கடல் எண்டா அவைக்குக் குளிக்கிற இடம். அப்ப அப்பாட்ட இருக்கிற சொல்லுகள, காத்துகள்ட பேர், மீன்கள்ட பேர், வலையிட ஒவ்வொரு பகுதியிட பேர், பழைய கதைகள், எல்லாத்தையும் ஒரு 40 பக்கப் புத்தகமா அடிச்சு அனுப்புவம் எண்டு நினைச்சன். ராவில சாப்பிட்டிட்டு அப்பா சொல்லச் சொல்ல நான் போனில டைப் பண்ணினன். பகல்ல வேலைக்குப் போற ஆள், கொம்பியூட்டருக்கு முன்னால இருக்க நேரமில்ல, போன் எண்டா கையில கிடக்கு.

ஒரு நாள் அப்பா சொன்ன வசனம் இது: "சோளகம் வெளிக்கிட்டா வாடை வரும்வரைக்கும் எங்களுக்குக் கடல்தான் வீடு." இந்தக் கரையில தொழில் செய்தவைக்கு இதிட அர்த்தம் உடன விளங்கும், சோளகம் எண்ட தென்மேல் காத்து தொடங்கினா எங்கட பக்கம் கடல் அடங்கும், வாடை எண்ட வடகீழ் காத்து தொடங்கினா வள்ளத்த மேல ஏத்திப்போட வேண்டியதுதான், ஒரு வருசத் தொழில் முழுக்க அந்த ஒரு வசனத்துக்குள்ள கிடக்கு. அடுத்தநாள் அப்பா கண்ணாடியப் போட்டுக்கொண்டு போன வாங்கி வாசிச்சார். அதில இருந்தது, "சோளம் வெளிக்கிட்டா வாடகை வரும்வரைக்கும் எங்களுக்குக் கடல்தான் வீடு."

"இத நானா சொன்னனான்?" எண்டு கேட்டார். கோபமில்ல, தனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சோ எண்டு ஒரு பயம் அந்த முகத்தில. எனக்கு நெஞ்சு அடைச்சிட்டுது.

பிறகு நான் மேல இருந்து திருப்பி வாசிச்சன். சூடை மீன் எல்லாம் சூடா ஆகியிருக்கு. என்ர எண்டு அடிச்ச இடமெல்லாம் என் எண்டு கிடக்கு. டொக்டர் டாக்டர் ஆகிட்டார். கச்சான் எண்டு காத்த எழுதினா அதுக்கு என்னென்னவோ காட்டுது. (கச்சான் எண்டா எங்களுக்குக் காத்தும்தான், கடற்கரையில சுருளில சுத்தி விக்கிற கடலையும்தான், போனுக்கு ரெண்டும் தெரியாது.) திருமலை எண்டு அடிச்சா அடுத்த சொல்லா நாயக்கர் எண்டு மேல வந்து நிக்குது, மதுரையில இருந்த ராசாவ எனக்குத் தெரியும், மரியாதையும் இருக்கு, ஆனா நான் எழுதினது என்ர ஊர. அப்பா அம்மாவக் கூப்பிடுறது "நீர் போம், நான் வாறன்" எண்டுதான், கலியாணம் கட்டின நாள்ல இருந்து அப்பிடித்தான், நீர் எண்டு அடிச்ச உடன போன் மட்டம் எண்டு எடுத்துத் தருது. குளத்துத் தண்ணி எண்டு நினைச்சிட்டுது.

இதில எனக்கு வந்த கவலை பிழை வந்ததில இல்ல, பிழை எண்டா திருத்தலாம். நான் கவனிக்கேல்ல எண்டதுதான் கவலை. சொல் மாறினதில பாதிய நான் வாசிச்சுக்கொண்டே கடந்து போயிருக்கிறன், ஏனெண்டா அதுவும் தமிழ்தானே, வடிவாத்தானே இருக்கு. நாலு மாசத்தில அப்பான்ட குரல் கொஞ்சம் கொஞ்சமா வேற ஆருடையவோ குரலா மாறியிருக்கு, மாத்தின ஆள் நான், என்ர பெருவிரலாலதான்.

இந்த நிலைமையிலதான் போனில அடிச்ச பைல பென் டிரைவ்ல போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனது.

உள்ளுக்குள்ள ரெண்டு பேர் நிக்கிற இடம்தான். ஒரு போட்டோக்கொப்பி மிசின், ஒரு கொம்பியூட்டர், மேல தட்டில உறை போட்ட பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒண்டு. நான் முதல்ல பாத்தது கீபோட்ட. எழுத்துகள் கனக்க அழிஞ்சுபோய் இருக்கு, அதில செமிகோலன் கீ மட்டும் ஒண்டுமே இல்லாம தேஞ்சு வழுவழு எண்டு கல்லு மாதிரிக் கிடக்கு. ஏன் அக்கா அது மட்டும் எண்டு கேட்டன். "அதுதான் தம்பி புள்ளி. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில க் ச் ட் எல்லாத்துக்கும் மேல வைக்கிற புள்ளி அந்தக் கீலதான், தமிழ் எழுதினா ஒரு நாளைக்கு எத்தின தரம் அதில விரல் விழும் எண்டு யோசிச்சுப் பாருங்க" எண்டா. தமிழ் எண்ட சொல்ல அடிச்சும் காட்டினா. ஜே, கே, பீ, ஓ, பிறகு செமிகோலன். அந்த எழுத்துருவ எடுத்திட்டா திரையில கிடக்கிறது அர்த்தமில்லாத இங்கிலிஷ் எழுத்து, எழுத்துருவப் போட்டா தமிழ். இலங்கையில கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் எண்டு கனகாலம் ஓடினது இந்தப் பாமினியிலதான். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டர்ல பைலத் திறந்தா ஒரு சொல்லும் வாசிக்கேலாது, எத்தினையோ பேர்ட பழைய வேலை அப்பிடியே சிடிக்குள்ள செத்துப்போய்க் கிடக்கு எண்டு அக்கா கவலையாச் சொன்னவ.

அதுக்குப் பிறகு அவ காட்டினது எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல. கொண்டல் எண்டு எழுதச் சொன்னன், கிழக்கால வாற காத்து. பாமினியில அவ முதல்ல கொம்ப அடிச்சா, பிறகு க, பிறகு கால். என், எஃப், எச். அதாவது கண்ணுக்கு எது முதல்ல தெரியுதோ அது முதல்ல, கையால கொப்பியில எழுதிற ஒழுங்கு. பிறகு யூனிகோட்டுக்கு (இப்ப போனிலயும் கொம்பியூட்டர்லயும் தமிழ் ஓடுற பொது முறை) மாத்தி அதே சொல்ல அடிச்சா, இப்ப க முதல்ல, ஓசை பிறகு, க்கு ஒ சேந்து கொ, வாயில வாற ஒழுங்கு. "முந்தி கண்ணால எழுதினனான், இப்ப காதால எழுதிறன். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா பழகிறதுக்கு ஒரு வருசம் எடுத்தது" எண்டா. ஆறு வருசமா போனில தமிழ் அடிக்கிறன், ஒரு நாளும் நான் இத யோசிச்சதில்ல.

பழைய பைல யூனிகோட்டுக்கு மாத்தேக்க வாற ஒரு சிக்கலையும் சொல்லிட்டா, அது என்ர பைலுக்குள்ளயும் இருந்தது. அப்பான்ட வள்ளத்திட பேர் கௌரி. தேடச் சொன்னா கொம்பியூட்டர் மூண்டு இடத்த மட்டும் காட்டுது, நான் எண்ணினா அஞ்சு இடம். என்னெண்டு பாத்தா, ரெண்டு இடத்தில நான் அடிச்சது கௌ இல்ல, கெ அடிச்சு பக்கத்தில ள அடிச்சிருக்கிறன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். கொம்பியூட்டருக்கு முதலாவது கௌரி, ரெண்டாவது கெ ள ரி. பேர் வைக்கிற ஆக்கள், பத்திரம் எழுதுற ஆக்கள், தயவுசெய்து இத ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க, பேரத் தேடேக்க ஆளே இல்ல எண்டு வரும்.

இனி இலக்கணப் பக்கம் வாறன், இந்தக் கடைய நான் இப்பிடித் தூக்கிப் பிடிக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

டைப்செட்டிங் எண்டு குடுத்தா சில இடத்தில குடுத்தத அப்பிடியே அடிச்சுத் தருவினம், பிழையும் சேத்து. இன்னும் சில இடத்தில எல்லாத்தையும் "திருத்தி" பத்திரிகைத் தமிழாக்கித் தருவினம். முந்தி ஒரு இடத்தில ரெண்டு பக்கம் பரீட்சார்த்தமாக் குடுத்துப் பாத்தனான், வந்தனான் எண்டது வந்தேன், கதைச்சம் எண்டது பேசினோம், அப்பா ஒரு நியூஸ் வாசிக்கிற ஆள் மாதிரி வந்திருந்தார். அந்தப் பிள்ளையில குற்றமில்ல, கொம்பியூட்டர்ல சிவப்புக்கோடு போட்ட சொல்லெல்லாம் பிழை எண்டு நம்பிட்டான். நானும் அப்பிடித்தான் நம்பி வளந்தனான். வந்தனான் எண்டா அது கொச்சை, வந்தேன் எண்டாத்தான் தமிழ் எண்டு. அக்கா கேட்டா, "இஞ்ச ஒரு லச்சம் பேர் வீட்டில கதைக்கிற சொல்லு எப்பிடித் தம்பி பிழையாகும்? அது எழுத்துநடை இல்ல, அவ்வளவுதான்."

அவ வச்சிருக்கிற ஒழுங்கு இது: ஆள் கதைச்சா கதைச்ச மாதிரி, நீங்க எழுதினா எழுதின மாதிரி, ஒரே வசனத்துக்குள்ள ரெண்டையும் கலக்கக் கூடாது. அதால அப்பா சொன்ன பகுதியெல்லாம் எண்டு, என்ர, வந்தனான், ஏலாது எண்டு நிக்குது. நான் எழுதின முன்னுரையும் சொற்களுக்கான விளக்கமும் என்று, என்னுடைய, வந்தேன், இயலாது. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்கேக்க ரெண்டுக்கும் ஒரு மரியாதை வந்திட்டுது. முன்னுரையில நான் விட்ட ஒற்றெல்லாம் தேடித்தேடிப் போட்டா, அதில விட்டுக்குடுக்கிற ஆள் இல்ல. அப்பா சொன்னதில கமா முற்றுப்புள்ளியக் குறைச்சு, மூச்சு எடுக்கிற இடத்தில மட்டும் போட்டா. தமிழ் வசனத்துக்குள்ள இந்தக் குறியீடுகளக் கொண்டுவந்து பழக்கினதில ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருக்கிறம், ஆனா கரைவலை இழுக்கிற ஆளுக்கு முற்றுப்புள்ளி இல்ல எண்டது அக்கான்ட கதை, இழுத்து முடிஞ்சாத்தான் நிப்பாட்டு.

ஊர்ப் பேரில ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. என்ர நண்பர் ஒருத்தர் தமிழ் படிப்பிக்கிறவர், அவர் சொல்லுறார் திருக்கோணமலை எண்டு க் போட்டுத்தான் எழுத வேணும், திருக்குறளுக்கு க் வருதெண்டா இதுக்கும் வரும், விதி ஒண்டுதான். பேச்சில நியாயம் இருக்கு. ஆனா அரசாங்கப் பலகை, பஸ் போர்ட், பத்திரிகை எல்லாத்திலயும் திருகோணமலை எண்டுதான் கிடக்கு, கோட்டைக்குள்ள கோயிலுக்குப் போனா திருக்கோணேஸ்வரத்துக்கு க் இருக்கு. ஒரே ஊருக்குள்ள ரெண்டும். சம்பந்தர் பாடினதப் பாத்தா கோணமாமலை எண்டு இருக்கு, திருவே இல்ல, க் பிரச்சினையும் இல்ல. அக்கா ரெண்டு நாள் யோசிச்சிட்டு, அட்டையில சனம் எழுதுற மாதிரி திருகோணமலை, கோயில் வாற இடத்தில கோயில் எழுதுற மாதிரி க் போட்டு, அப்பா வாயால வாற இடமெல்லாம் திருமலை எண்டு முடிச்சா. நண்பருக்கு இன்னும் சரிவரேல்ல. எனக்குச் சரி. விதி சொல்லு எப்பிடிச் சேரும் எண்டு சொல்லித் தரட்டும், நான் வடிவாக் கேட்டுப் படிப்பன், ஆனா நூறு வருசமா ஒரு ஊர்ச்சனம் தங்கட பேர எழுதிக்கொண்டு வந்திருந்தா அதையும் விதி கொஞ்சம் கேக்க வேணும்.

சொல்லுகளப் பற்றி இப்பிடி யோசிக்கிறது இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. இஞ்ச இந்துக் கல்லூரியப் பொறுப்பெடுத்து நடத்தின விபுலானந்த அடிகள்தான் 1930களில சென்னையில கலைச்சொல்லாக்க வேலைக்குத் தலைமை தாங்கினவர். அறிவியலத் தமிழ்ல சொல்லுறதுக்கு அண்டைக்கு ஆக்கள் மேசையச் சுத்தி இருந்து ஒவ்வொரு சொல்லா யோசிச்சவை. இப்ப எங்களுக்கு எந்தச் சொல் முதல்ல கைக்கு வருமெண்டத போனுக்குள்ள இருக்கிற ஒரு பட்டியல்தான் தீர்மானிக்குது, எந்தச் சொல் கூட எழுதப்பட்டிருக்கோ அது முன்னுக்கு வரும், தெரியாத சொல் வந்தா அதுக்குக் கிட்டினதாத் தேடி வைக்கும். தமிழ்நாட்டில 7 கோடிக்கு மேல சனம், அவை எழுதிறது அப்பிடிக் குவியும், அதில ஒரு பிழையும் இல்ல, அது அவையிட தமிழ், அழகான தமிழ். சோளகத்த ஒருத்தரும் எழுதாட்டி போனுக்கு எங்க தெரியப்போகுது? எழுதாத குற்றம் எங்களிலயும் இருக்கு. வீட்டில ஒரு தமிழ் கதைச்சுப்போட்டு எழுத வெளிக்கிட்ட உடன வேற உடுப்பு போட்டுக்கொள்ளுறம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து கலியாணக் கார்ட் அடிக்க வாற முஸ்லிம் ஆக்களும் அக்காட்டத்தான் வருகினம், அவையிட சொல் வேற, ராத்தா, நானா, வாப்பா. நானா எண்டு அண்ணனச் சொன்னா போன் அத "நான்" எண்டதிட கேள்வி எண்டுதான் எடுக்கும். அக்கா ஒரு கொப்பி வச்சிருக்கிறா, ஊர் ஊரா சொல் எழுதி, அடுத்தமுறை பிழைக்காம இருக்க. அப்பான்ட சொல்லுகளும் இப்ப அதில ஏறியிருக்கு, 63 சொல், நான் எண்ணினன்.

அப்பா ஒருநாள் ஓட்டோவில ஏறிக் கடைக்கே வந்திட்டார், புரூப் பாக்க. லை எழுதின இடத்தில விரல வச்சு "இது என்ர லை இல்ல" எண்டார். அவர் இண்டைக்கும் கையால எழுதிறது பழைய லை, ல வுக்கு முன்னால மேல வளைஞ்சு தும்பிக்கை மாதிரி வாறது. தமிழ்நாட்டில 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை லை ளை னை எல்லாம் மத்த ஐகாரம் மாதிரி ஆகி, பிறகு மெல்ல மெல்ல எங்கட புத்தகங்களிலயும் அதுதான் வந்தது. டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் வசதி. தமிழ் டைப்ரைட்டர உருவாக்கின ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி ஆள், 247 எழுத்த ஒரு சின்ன மிசினுக்குள்ள அடக்கிறதெண்டா சும்மா வேலையில்ல, எண்டு அக்கா தட்டில கிடந்த மிசின இறக்கி உறையக் கழட்டி அப்பாக்குக் காட்டினா. அப்பா ரெண்டு கீய அமத்திப் பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்ல. பழைய லைக்கு யூனிகோட்டில தனி இலக்கம் இல்ல, அது எழுத்துருவில கீறுற விதம்தான் எண்டு அக்கா சொன்னவ, அப்பிடி ஒரு எழுத்துரு அவட்ட இல்ல. அதால கடைசிப் பக்கத்தில அப்பாவ ஒரு வெள்ளைத் தாளில எழுத வச்சு, ஸ்கான் பண்ணி அப்பிடியே போட்டா. திருமலை எண்டு, அவர்ட லை ஓட.

குறையும் சொல்ல வேணும். வியாழன் தாறன் எண்ட வேலை அடுத்த செவ்வாய்தான் வந்தது, போன் அடிச்சா எடுக்க மாட்டா, நேரில போய்த்தான் கேக்க வேணும். படங்கள் கொஞ்சம் இருட்டா விழுந்திருக்கு, வள்ளத்திட படத்தில ஆக்கள்ட முகமே தெரியேல்ல, படம் முக்கியமெண்டா அத வேற இடத்தில அடிச்சு ஒட்டுங்க. கார்ட் எடுக்க மாட்டா, காசுதான். நீங்க அவசரமா ஒரு சிவி அடிக்கப் போற ஆளெண்டா இது உங்களுக்கான கடை இல்ல, அவ ஒவ்வொரு வசனத்துக்கும் கேள்வி கேப்பா, உங்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு ஒரு ஏ4 பக்கத்துக்கு 150 ரூபா எடுத்தவ, அந்த வேலைக்கு அது சரியான குறைவு, கூட்டித் தாறன் எண்டா வாங்கவும் இல்ல.

போறவைக்கு ரெண்டு மூண்டு விசயம். போனில டைப் பண்ணினா தானாத் திருத்திறத நிப்பாட்டுங்க, சொல் காட்டட்டும், மாத்த விடாதேங்க. உங்கட வீட்டுச் சொல்லுகள போனிட தனி அகராதியில ஒவ்வொண்டாச் சேருங்க, நான் சோளகத்தில இருந்து தொடங்கினன், இப்ப சோ அடிச்சாலே அது வந்து நிக்குது. குரலால அடிக்கிற செட்டிங்கில தமிழ் இலங்கை எண்டு தனியா ஒண்டு இருக்கு, அதத் தெரிவு செய்யுங்க, முழுக்கச் சரியா வராது, ஆனா அப்பான்ட கதைக்கு மத்ததவிட நல்லா வேலை செய்தது. பைல வட்சப்பில படமா அனுப்பாதேங்க, எழுத்தாவே குடுங்க.

கோயில் திருவிழா நாள்கள்ல போக வேண்டாம், நோட்டீஸ் வேலை நிரம்பிக் கிடக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனா அக்கா ஆறுதலாக் கதைப்பா. நான் வாற கிழமை திருப்பிப் போறன், புத்தகத்தப் பாத்த பிறகு அப்பாக்கு இன்னும் சொல்லுகள் ஞாபகம் வந்திட்டுது, ராவில தூங்காம இருந்து என்னக் கூப்பிட்டுச் சொல்லுறார், 11 பக்கம் சேந்திருக்கு.